வழிகாட்டி விண்மீன்

"சிறு துளி பெருவெள்ளம்" என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் முதுமொழி. சேமிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெரியோர் இதனை எடுத்துக் கூறுவர். பணத்தைப் போலவே ஒளியையும் துளித் துளியாகச் சேர்த்து வைக்கலாம் என்பதை அறிவீர்களா? அவ்வாறு சேர்த்ததனால்தான் மனிதக் கண் நேரில் காண முடியாத வானத்தின் ஆழங்களை நாம் நிழற்படங்களில் காண்கிறோம். அது எவ்வாறு இயல்கிறது, அதற்கு எத்தகைய உழைப்பு வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணும் தட்டும்

கார்த்திகை மாத முன்னிரவில், நிலவு இல்லாத நாளில், ஊர் விளக்குகளுக்கு அப்பால் நின்று வட வானை நோக்கினால், ஆண்ட்ரோமீடா என்னும் விண்மீன் குழுவில் மங்கிய புகை போன்ற ஒன்று தெரியும். எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் அது புகையாகவே இருக்கும். ஏனெனில், நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்த ஒளியைக் கண்டு, உடனே அதனை விட்டுவிட்டு அடுத்ததைக் காண்கிறது. நிழற்படத் தட்டு அப்படியன்று. முதல் நிமிடத்தில் விழுந்த ஒளியோடு இரண்டாம் நிமிடத்தின் ஒளியையும், மூன்றாம் நிமிடத்தின் ஒளியையும் கூட்டிக்கொண்டே செல்லும். மழைநீரை வாளியில் பிடிப்பது போன்றது இது. தூறலாயினும் வாளியை எடுக்காமல் வைத்திருந்தால் நிறைந்துவிடும் அன்றோ!

ஆனால், வாளி அசையக் கூடாது. இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

சுழலும் பூமி

நம் பூமி 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிறது. ஆகவே விண்மீன்கள் எல்லாம் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வனபோல் தோன்றுகின்றன. ஒரு பாகையை 60 கலைகளாகவும், ஒரு கலையை 60 விகலைகளாகவும் பகுப்பது வானியல் வழக்கம். வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு விண்மீன் ஒரு நொடிக்கு 15 விகலை நகர்கிறது. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை. எனவே, நிலவின் அகலத்தை அவ்விண்மீன் இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். இது கணக்குத் தெரிந்த எவரும் சரிபார்க்கக் கூடியதே.

தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தால், விண்மீன்கள் புள்ளிகளாக விழாமல் கோடுகளாக விழும். மங்கிய ஒளி ஓரிடத்தில் சேராமல் தட்டு முழுவதும் சிதறிப் போகும்.

சாய்ந்த அச்சு

இதற்கு அறிஞர் கண்ட வழி எளியது. தொலைநோக்கியைத் தாங்கும் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்தனர். பின்னர், பூமி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில், அதே வேகத்தில் அதனைக் கடிகாரப் பொறியால் சுழற்றினர். அச்சு வானின் வட துருவத்தை நோக்க வேண்டும். ஆகவே, கன்னியாகுமரியில் அதன் சாய்வு ஏறக்குறைய 8 பாகை. சென்னையில் 13 பாகை. இலண்டனில் 51 பாகைக்குச் சற்று மேல். ஊருக்கு ஊர் சாய்வு மாறும். சுழலும் வேகம் எங்கும் ஒன்றே.

இத்துடன் வேலை முடிந்தது எனலாமா? முடியாது. பற்சக்கரங்கள் எவ்வளவு நுட்பமாகக் கடையப்பட்டாலும் சிறு குற்றம் இருந்தே தீரும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் தொலைநோக்கி சிறிது முந்தும், சிறிது பிந்தும். அச்சு மிகச் சிறிதே விலகியிருந்தாலும் விண்மீன் மெல்ல ஒருபுறம் ஒதுங்கும். விண்மீன் அடிவானை நெருங்க நெருங்க, காற்று மண்டலம் அதன் ஒளியை மேலும் வளைக்கும். இரவின் குளிரில் உலோகக் குழாய் சுருங்கும். தன் எடையால் வளையும். ஒவ்வொன்றும் அற்பமே. ஆனால், ஒரு மணி நேரப் படத்தைக் கெடுக்க அந்த அற்பம் போதும்.

காவல் இருக்கும் கண்

ஆகவே இரண்டாவது தொலைநோக்கி ஒன்று தேவைப்பட்டது. பெரிய தொலைநோக்கியுடன் ஒரே தாங்கியில் அதனைப் பிணைத்தனர். அதன் கண்ணருகே சிலந்தி இழைபோல் மெல்லிய இரு குறுக்கு இழைகள் இருக்கும். படம் எடுக்க வேண்டிய பொருளுக்கு அருகே உள்ள விண்மீன் ஒன்றைத் தேர்ந்து, இழைகள் வெட்டும் இடத்தில் நிறுத்துவர். அதுவே வழிகாட்டி விண்மீன். அது இழையைவிட்டு மயிரிழை விலகினாலும், திருகைத் திருப்பி மீண்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம்? தட்டில் ஒளி விழும் நேரம் முழுவதும்!

அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்பவர் 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், 11 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் ஒளிமுகிலை முதன்முதலாக நிழற்படம் எடுத்தார். அதற்கு 51 நிமிடம் ஆயிற்று. ஈரத் தட்டுகள் விரைவில் காய்ந்துவிடும். உலர் தட்டுகள் வந்த பின்னரே இத்தகைய நீண்ட படங்கள் இயன்றன. டிரேப்பரின் துணைவியார் அன்னா அம்மையார் ஆய்வுக்கூடத்தில் அவருடன் சேர்ந்து உழைத்தவர். கணவர் 1882இல் மறைந்த பின், அவர் தொடங்கிய பணி நிற்கலாகாது என்று ஹார்வர்டு வான் ஆய்வுக்கூடத்திற்கு 1886 முதல் பொருளுதவி செய்தார்.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகே ஐசக் ராபர்ட்ஸ் 1888 டிசம்பர் 29ஆம் நாள் ஆண்ட்ரோமீடாப் புகையை 20 அங்குலத் தொலைநோக்கியால் படம் எடுத்தார். ஒளி விழுந்த நேரம் நான்கு மணி! அதுவரை எவரும் தெளிவாகக் கண்டிராத சுருள் கரங்கள் அத்தட்டில் தெரிந்தன. அது நம் பால்வீதிக்கு அப்பால் உள்ள வேறொரு பெரும் விண்மீன் கூட்டம் என்பதற்கான சான்றை எட்வின் ஹபிள் 1923இல் கண்டார். அவர் கையாண்ட அளவுகோலைத் தந்தவர் ஹென்றியேட்டா லீவிட் என்னும் பெண்மணி. ஒளி மாறும் ஒருவகை விண்மீன்களின் தூரத்தை அறியும் வழியை, நிழற்படத் தட்டுகளை ஆராய்ந்தே 1912இல் அவர் கண்டறிந்தார். ஆண்ட்ரோமீடாவின் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு என்று இன்று அறிவோம்.

நான்கு அருட்சகோதரிகள்

1887இல் பாரிசு நகரில் கூடிய வானியல் அறிஞர்கள், வானம் முழுவதையும் நிழற்படம் எடுத்துப் பட்டியலிட முடிவு செய்தனர். ஏறக்குறைய 20 ஆய்வுக்கூடங்கள் வானத்தைப் பங்கிட்டுக் கொண்டன. நம் நாட்டில் ஐதராபாத்து நிசாமியா ஆய்வுக்கூடமும் பின்னர் இதில் சேர்ந்தது. வத்திக்கான் ஆய்வுக்கூடத்திற்கும் ஒரு பங்கு கிடைத்தது.

இதற்கென அமைந்த தொலைநோக்கியில், வானின் ஒரு கலை தட்டில் ஒரு மில்லிமீட்டராக விழும். கணக்கிட்டுப் பாருங்கள். நடுக்கோட்டு விண்மீன் ஒன்று பின்தொடரப்படாவிட்டால், நான்கு நொடியில் ஒரு மில்லிமீட்டர் ஓடிவிடும். 16 சென்டிமீட்டர் தட்டை ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முழுதும் கடந்துவிடும். வழிகாட்டி விண்மீனை விடாது பிடித்திருந்ததனால்தான் அத்தட்டுகளில் விண்மீன்கள் நுண்ணிய புள்ளிகளாகப் பதிந்தன. புள்ளி தெளிவாக இருந்தால்தான் அதன் இடத்தை அளக்க முடியும்.

வத்திக்கானில் அதனை அளந்தவர் யாவர்? குழந்தை மரியாள் சபையைச் சார்ந்த நான்கு அருட்சகோதரிகள்: எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா பினார்டி, லூயிஜா பன்செரி. 1910 முதல் 1921 வரை, நுண்ணோக்கி வழியே தட்டுகளை நோக்கி, புள்ளி புள்ளியாக 4,81,215 விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் குறித்தனர். இவர்களின் பெயர்கள் பல்லாண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தன. 2016இல்தான் அவை பரவலாக அறியப்பட்டன. அவர்கள் குறித்த எண்களோ, ஒரு நூற்றாண்டில் விண்மீன்கள் எவ்வளவு நகர்ந்துள்ளன என்பதை அறிய அறிஞர்களுக்குப் பயன்பட்டு வந்துள்ளன.

இன்றைய முறை

இன்று தட்டுகளின் இடத்தை மின்னணு ஒளியுணரிகள் பிடித்துவிட்டன. குளிரில் கண்விழித்துத் திருகைத் திருப்புவோர் இலர். சிறிய ஒளிப்படக் கருவி ஒன்று வழிகாட்டி விண்மீனைச் சில நொடிக்கு ஒருமுறை படம் எடுக்கிறது. அது விலகிய அளவைக் கணினி கணித்து, மின்பொறிக்கு ஆணையிட்டுத் திருத்துகிறது. மேலும், நான்கு மணி நேரப் படம் ஒன்றை எடுப்பதற்கு மாறாக, சில நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகின்றனர். வானூர்தி ஒன்று குறுக்கே போனால் அந்த ஒரு படத்தை மட்டும் நீக்கிவிடலாம். ராபர்ட்ஸ் காலத்திலோ, கடைசி நிமிடத்தில் கை தவறினாலும் நான்கு மணி உழைப்பும் வீணே. கருவிகள் மாறின, ஆனால் ஒரு விண்மீனை விடாமல் பார்த்திருக்க வேண்டும் என்ற முறை மாறவில்லை.

செய்து பாருங்கள்

ஒளிப்படக் கருவியை முக்காலியில் அசையாமல் பொருத்தி, இருண்ட இடத்திலிருந்து ஓரியன் குழுவை நோக்கி வையுங்கள். ஒளித்திறப்பை 4 நிமிடம் திறந்து விடுங்கள். விண்மீன்கள் கோடுகளாக விழும். ஓரியனின் இடைக்கச்சையில் உள்ள மூன்று விண்மீன்களும் வான நடுக்கோட்டை ஒட்டியவை. ஆதலால் அவற்றின் கோடு ஒவ்வொன்றும் வானில் ஒரு பாகை நீளம். அதாவது இரண்டு நிலவு அகலம். பூமி சுழல்கிறது என்று பாடநூலில் படித்ததை உங்கள் கையாலேயே அளந்தவர்கள் ஆவீர்கள்!

மாணவியரே! விண்மீனின் ஒளியை நாம் பெருக்க இயலாது. அது வரும் வேகத்தையும் கூட்ட இயலாது. அது வந்து சேரும்வரை அதன் இடத்தைவிட்டு விலகாமல் காத்திருப்பதே நம்மால் ஆவது. ஒரு சிறு புள்ளியை மணிக்கணக்காய் நோக்கியிருந்தவர்களும், பதினோர் ஆண்டுகள் புள்ளிகளை எண்ணிய அருட்சகோதரிகளும் அவ்வாறே செய்தனர். உங்களுள்ளும் வானியல் பயில விரும்புவோர் இருப்பர். கணக்கையும் பௌதிகத்தையும் இப்போதே ஊன்றிப் படியுங்கள். இந்தக் கார்த்திகையில் வட வானை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அங்கே தெரியும் அந்த மங்கிய புகையின் ஒளி, 25 இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து உங்கள் கண்ணை வந்தடைகிறது.