ஆட்டுக்கு வழி இல்லையேல்?

ஆடுபுலி ஆட்டம் அறியாத மாணவர் நம் தமிழ்க் கழகத்தில் மிகச் சிலரே இருப்பர். திண்ணையில் கரியால் கோடு கிழித்து, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆடுவோமே, அதே ஆட்டந்தான். அதைக் கணிப்பொறி ஆட வேண்டும் என்னும் ஆசையால் ஒரு நிரல் எழுதினேன். தன்னோடு தானே ஆடுமாறு விட்டு உறங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஆட்டம் முடியவும் இல்லை, நடக்கவும் இல்லை. கணிப்பொறி மட்டும் சூடேறிக் கிடந்தது.

காரணத்தைச் சொல்லுமுன் பலகையை நினைவுகூர்வோம். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடுகின்றன. இடையே மூன்று குறுக்குக் கோடுகள். அவை இருபுறமும் வெளியே நீண்டு, அங்கே செங்குத்துக் கோடுகளால் இணைந்து ஒரு செவ்வகம் ஆகின்றன. குறுக்குக் கோட்டுக்கு 6 வீதம் 18, அடியில் 4, உச்சி 1. ஆக 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. பக்கத்து ஆட்டைப் புலி நேர்கோட்டில் தாண்டி, அப்பாலுள்ள காலியிடத்தில் இறங்கினால் ஆடு வெட்டுப்படும்.

‘நேர்கோட்டில்’ என்ற சொல்லிலேதான் வம்பு. நம் கண் தானே கண்டுகொள்வதைக் கணிப்பொறிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித் தர வேண்டும். நான் முதலில் அரைகுறையாகச் சொன்னதால், உச்சியில் நின்ற ஆட்டைத் தாண்டி ஒரு கோட்டிலிருந்து மற்றொரு கோட்டுக்குப் புலி வளைந்து குதித்தது! திருத்திய பின் எண்ணிப் பார்த்தேன். எந்தக் கோடும் நேரே கடந்து செல்லாத புள்ளிகள் ஏழு: உச்சி, செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். அங்கே நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. என் பாட்டி முதல் ஆடுகளை ஓரத்திலேயே வைப்பதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இத்தகைய இடறல்கள் பெரிய நிறுவனங்களுக்கும் நேர்ந்ததுண்டு. சப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட பாக்மேன் ஆட்டத்தில், இளஞ்சிவப்புப் பேய் நாயகனுக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து வரும். நாயகன் மேல்நோக்கித் திரும்பினால் மட்டும் குறி இடப்பக்கமும் நான்கு கட்டம் விலகிவிடும். கணக்கில் நேர்ந்த பிழை அது. ஆட்டக்காரர்கள் அதையே தப்பும் வழியாக்கிக் கொண்டனர்.

இனி என் ஆட்டத்துக்கு வருவோம். எஞ்சியிருந்தவை மூன்றே ஆடுகள். செவ்வகத்தின் இடப்பக்கச் செங்குத்துக் கோட்டிலுள்ள மூன்று புள்ளிகளிலும் அவை நின்றன. அவற்றை ஒட்டிய மூன்று புள்ளிகளிலும் புலிகள். முறையோ ஆட்டுடையது. 17 புள்ளிகள் காலியாகக் கிடந்தும் ஆட்டுக்கு அடி வைக்க இடமில்லை. புலியாலும் வெட்ட முடியாது. ஆட்டுக்கு அப்பால் பலகையே இல்லை. புலி கட்டுண்டால் ஆட்டுக்கு வெற்றி என்பது விதி. ஆடு கட்டுண்டால்? நான் அதை எழுதவே இல்லை. வாராத நகர்வுக்காகக் கணிப்பொறி இரவெல்லாம் காத்திருந்திருக்கிறது.

இங்கே பெங்களூர் விடுதியில் என் அறைத் தோழர் மண்டியாக்காரர். புலியை ‘ஹுலி’ என்பாரே அன்றி, ஆட்டம் அவருக்கும் இதே ஆட்டந்தான். “புலிக்கே வெற்றி, இதிலென்ன ஐயம்?” என்றார். ஊருக்குத் தொலைபேசியில் பேசிப் பாட்டியைக் கேட்டேன். “அடைச்சு வெச்சுப் பட்டினி போடறது வேட்டையாடா கண்ணு? ஆடு சும்மா நிக்கட்டும், புலிதான் நகரணும்” என்றாள்.

சதுரங்கத்திலும் இவ்வழக்கு உண்டு. எதிரியின் அரசனுக்கு முற்றுகை இல்லாமலே நகர வழியற்றுப் போனால் இன்று அது சமநிலை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ அப்படி அடைத்தவனே தோற்றவன். பாட்டி அந்தக் கட்சி போலும்!

பாட்டியின் விதியை எழுதி, அதே நிலையிலிருந்து ஆட்டத்தை ஓட்டினேன். நடுப்புலி ஒரு புள்ளி பின்வாங்கிற்று. இப்போது நகரக்கூடியது நடு ஆடு ஒன்றே. நகர வழி இருப்பதால் சும்மா நிற்கவும் விதி இல்லை. திறந்த புள்ளியில் அது அடி வைத்தது. அது விட்டு வந்த இடமோ காலி. பின்வாங்கிய புலி நேரே தாண்டி அங்கே இறங்கி ஆட்டை வெட்டியது. எஞ்சிய இரண்டு ஆடுகளும், வெட்டிய புலி நடுவிலும் மற்றப் புலிகள் பக்கத்திலும் நிற்க, மறுபடியும் கட்டுண்டன.

இதைச் சொல்லப் பாட்டியை மீண்டும் அழைத்தேன். “நான் அங்க கொண்டுபோய் ஆட்டை வெச்சிருக்கவே மாட்டேன்” என்றாள்.