முதல் விடையை மாற்றலாமா?

பல விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பரீட்சைகளில், முதலில் தோன்றிய விடையை மாற்றலாகாது என்பது கல்லூரி மாணவரிடையே வேரூன்றிய நம்பிக்கையாகும். ஆசிரியர்களிற் பலரும் அவ்வாறே அறிவுரை கூறுவதுண்டு. இந்நம்பிக்கை உண்மையோடு பொருந்துகின்றதா என்பது பன்முறை ஆராயப்பட்டுள்ளது.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் மனோதத்துவம் பயின்ற 1,561 மாணவரின் விடைத்தாள்களை ஜஸ்டின் குரூகரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, முடிவுகளை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விடையை அழித்து மாற்றியதற்கான அடையாளங்கள் எண்ணப்பட்டன. மாற்றங்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 51 தவற்றைச் சரியாக்கின. 25 சரியானதைத் தவறாக்கின. 23 ஒரு தவற்றினின்று மற்றொரு தவற்றுக்குச் சென்றன. நஷ்டம் ஒரு பங்காயின் இலாபம் இரு பங்கு என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் நம்பிக்கை ஏன் மாறுவதில்லை? சரியான விடையை எழுதிப் பின் அழித்துவிட்டவன், கைக்கு வந்ததைத் தானே இழந்ததாக எண்ணி மிகவும் வருந்துகிறான். தவறான விடையை மாற்றாது விட்டவனும் அதே ஒரு மதிப்பெண்ணையே இழக்கிறான். எனினும் அவ்விழப்பு அவனை அவ்வளவு உறுத்துவதில்லை. வருத்தம் மிகுந்தது ஞாபகத்தில் தங்குகிறது. மாற்றி நன்மையடைந்த தருணங்கள் மறைந்துவிடுகின்றன. எனவே மாணவனின் சொந்த அனுபவமே பொய்ச் சாட்சியாகிறது.

கண்ட விடைகளையெல்லாம் மாற்ற வேண்டும் என்பது இதன் பொருளன்று. மேற்கண்ட கணக்கு, மாணவர் மறுபரிசீலனை செய்து தாமாக மாற்றிய விடைகளைப் பற்றியதே. ஆசிரியர்கள் பின்வருவனவற்றைக் கற்பிக்கலாம்:

1. வினாத்தாளில் குறியிட அனுமதி இருப்பின், ஒவ்வொரு வினாவுக்கும் விடையளித்த உடனேயே 'உறுதி' அல்லது 'ஐயம்' எனக் குறித்துக்கொள்க. இறுதியில் ஐயமுள்ளவற்றை முதலில் பார்க்க.

2. வினாவைப் பிழையாகப் படித்தது தெரிந்தாலோ, 'அல்ல' என்னும் சொல்லைக் கவனியாது விட்டிருந்தாலோ, மறந்த செய்தி நினைவுக்கு வந்தாலோ தயங்காது மாற்றுக. காரணமற்ற பதற்றத்தால் மாற்றற்க.

3. பேனாவினால் வட்டத்தை நிரப்பும் விடைத்தாளில் பின்னர் திருத்த இயலாது. ஆகையால் ஐயமுள்ள வினாக்களை மீண்டும் ஆராய்ந்த பின்னரே அவற்றுக்குரிய வட்டங்களை நிரப்புக. அதற்கு வேண்டிய நேரத்தை முன்னரே ஒதுக்கிக்கொள்க.

4. வகுப்புத் தேர்வுத் தாள்களைத் திருப்பித் தரும்பொழுது, மாற்றிய விடைகளை மேற்கூறிய மூவகையாகப் பிரித்து எண்ணுமாறு மாணவரைப் பணிக்க. தன் கையால் எண்ணிய எண், ஞாபகத்தின் பிழையைத் திருத்தும்.