ஆதித் திருச்சபையின் ஜெபம்
(அப்போஸ்தலர் நடபடிகள் 4:23-31)

மாணவர்களே, "சபையார் எதற்காக ஜெபித்தனர்?" என்னும் வினாவுக்குத் "துன்பம் நீங்குவதற்காக" என விடை எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள். வேதப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

பின்னணி: அலங்கார வாசலில் சப்பாணியைக் குணமாக்கிய பேதுருவும் யோவானும் காவலில் வைக்கப்பட்டனர். இயேசுவின் நாமத்தில் போதிக்கக் கூடாதென ஆலோசனைச் சங்கம் அவர்களைப் பயமுறுத்தி விடுவித்தது.

விண்ணப்பங்கள்:
1. கர்த்தர் அப்பயமுறுத்தல்களைக் கவனித்தல்.
2. ஊழியர்கள் முழுத் தைரியத்துடன் வசனத்தைக் கூறுதல்.
3. இயேசுவின் நாமத்தினால் நோயாளிகள் குணமடைதல், அற்புதங்கள் நடைபெறுதல்.

எதிரிகளை அழிக்கும்படி அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விளைவு: கூடியிருந்த இடம் அசைந்தது. அனைவரும் பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டுத் தைரியமாக வசனத்தைக் கூறினர்.

ஒப்பிடுக (அதிகாரம் 12): ஏரோது யாக்கோபை வாளினால் கொலை செய்வித்தான். சிறையிலிருந்த பேதுருவுக்காகச் சபை ஊக்கமாக ஜெபித்தது. அவர் விடுதலையாகிக் கதவைத் தட்டியபோது அவர்களே நம்பவில்லை! ஒருவர் இறந்தார், ஒருவர் தப்பினார். சபையோ ஜெபிப்பதைக் கைவிடவில்லை.

பயிற்சி: துன்புறும் விசுவாசிகளுக்காக இன்று நீங்கள் ஜெபிப்பதாயின் எவற்றைக் கேட்பீர்கள்? மேற்கூறிய இரு பகுதிகளையும் ஆதாரமாகக் கொண்டு விளக்குக.