நீர்க்குமிழி

நிலையாமைக்கு உவமை கூற வந்த நம் முன்னோர் நீர்க்குமிழியைப் பெரிதும் எடுத்தாண்டனர். அது நிலையாத பொருளே; ஆயினும் ஆராயத்தகாத பொருளன்று.

குமிழி ஏன் உருண்டையாயிருக்கின்றது? நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோலைப்போல, எப்பொழுதும் சுருங்க முயல்கின்றது. உள்ளடங்கிய காற்றோ இடம் விட்டுக்கொடாது. ஓரளவான காற்றை மிகக் குறைந்த பரப்பால் மூடவல்லது உருண்டையே ஆதலின், குமிழி அவ்வடிவு கொள்கின்றது.

தனி நீரில் ஊதிய குமிழி நில்லாமைக்கும், சவர்க்கார நீரில் நிற்பதற்கும் காரணம் யாது? சவர்க்காரம் நீரின் இழுவிசையை ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைக்கின்றது. அன்றியும், படலம் ஓரிடத்தில் மெலியின், அவ்விடத்து இழுவிசை மிகுந்து, அயலிலுள்ள நீரை ஈர்த்து அம்மெலிவை நிரப்புகின்றது.

குமிழியின் நிறங்கள் சாயத்தால் வந்தனவல்ல. படலத்தின் இரு முகங்களினின்றும் மீளும் ஒளி தம்முட் கலத்தலால், சில நிறங்கள் மிகுந்தும் சில குன்றியும் தோன்றுகின்றன. நீர் கீழே வடிய வடியப் படலம் மெலியும்; நிறங்களும் மாறும். உச்சியில் கருமை தோன்றுமாயின், படலம் மிக மெலிந்து உடையுங்காலம் அணித்தென்று அறிக.

பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாத்தோ 1843ஆம் ஆண்டளவில் இரு கண்களும் இழந்தார். பிறர் செய்து கண்டு சொல்ல, தாம் கருத்தாற் கண்டு, குமிழிப் படலங்களைப் பற்றிய பெருநூலை 1873இல் வெளியிட்டார். மூன்று படலங்கள் கூடுமிடத்து 120 பாகைக் கோணமே அமையுமென்பது அவர் காட்டிய விதிகளுள் ஒன்று. கண்ணிழந்தார் ஒருவர் கண்டதனை, கண்ணுடைய நாம் நாள்தோறும் சவர்க்கார நுரையில் காணாது விடுதல் தகுமோ?