காசி என்றால் ஒளி!

காசிக்கு ஒருமுறையாவது போய் வர வேண்டும் என்ற ஆசை நம் பெண்கள் பலருக்கும் உண்டு. பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் உடல்நிலை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து, ஆசை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். சரி, ‘காசி’ என்ற அந்த இரண்டெழுத்துப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா?

வடமொழியில் ‘காஷ்’ என்ற வேர்ச்சொல்லுக்கு ஒளிர்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த பெயரே காசி. அதாவது, ஒளி பொருந்திய தலம்! நாம் அன்றாடம் சொல்லும் ‘பிரகாசம்’, ‘ஆகாசம்’ ஆகிய சொற்களிலும் அதே வேர்தான் இருக்கிறது. வடக்கே ‘காஷி’ என்பார்கள். தமிழில் அது ‘காசி’ ஆனது. பழைய பாலி மொழி நூல்களிலோ காசி என்பது ஒரு நாட்டின் பெயர். அதன் தலைநகர்தான் வாரணாசி.

இந்தப் பெயர் ஓர் ஊரோடு நிற்கவில்லை. இமயமலைப் பகுதியில் உத்தரகாசி, குப்தகாசி. நம் தமிழகத்தில் சிவகாசி, தென்காசி!

தென்காசி உருவானதற்குக் காரணமே, காசிக்குப் போக முடியாதவர்களின் ஏக்கம்தான் என்கிறது தல வரலாறு. நெடுந்தூரம் நடந்து, காசியை அடையும் முன்பே உயிர் துறந்த பக்தர்களுக்காக மனமிரங்கிய சிவபெருமான், பராக்கிரம பாண்டிய மன்னனின் கனவில் தோன்றி, ‘எறும்புகள் ஊர்ந்து செல்லும் வழியே சென்று, அவை சேரும் இடத்தில் கோயில் எழுப்புவாயாக’ என்றாராம். 1446-ஆம் ஆண்டு திருப்பணி தொடங்கியது. அங்கே காசிக்குக் கங்கை. இங்கே தென்காசிக்குக் குற்றால மலையிலிருந்து இறங்கி வரும் சிற்றாறு! இறைவன் காசி விஸ்வநாதர், அம்பாள் உலகம்மன்.

‘தென்’ என்றால் தெற்கு. அழகு, இனிமை என்றும் பொருள் உண்டு. எனவே, ‘தெற்கே உள்ள காசி’ என்பதோடு ‘இனிய காசி’ என்றும் நாம் மகிழலாம்.

ஆனி, ஆடி மாதங்களில் சாரலை அனுபவிக்கக் குற்றாலம் செல்வோர், அருவியில் நீராடியதோடு திரும்பிவிடாதீர்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் விஸ்வநாதர் காத்திருக்கிறார்!

அதற்கும் வாய்ப்பு இல்லையா? கவலை வேண்டாம். மாலையில் பூஜையறையில் விளக்கேற்றும்போது, ‘காசி விஸ்வநாதா’ என்று மனதார ஒருமுறை சொல்லுங்கள். காசி என்றால் ஒளிதானே... அந்தச் சுடரிலும் அவர் அருள்பாலிப்பார்!