ஹாஸ்கெல்: நம்புவதும் நடப்பதும்

நம்பிக்கை: கணிதப் பட்டம் இல்லாதவருக்கு ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழி வராது, செயல்களை வரிசையாகக் கோக்கும் மொனாட் என்ற அமைப்பு புரியாமல் ஒரு வரியைக்கூடத் திரையில் காட்ட முடியாது.

உண்மை: 1990 ஏப்ரல் 1 அன்று வெளியான முதல் வரையறையில் மொனாடே கிடையாது. உள்ளீடும் வெளியீடும் மொனாட் வழிக்கு மாறியது 1996-இல் வந்த 1.3 பதிப்பில்தான். அதுவரை ஹாஸ்கெல்காரர்கள் நிரல் எழுதாமலா இருந்தார்கள்? இன்று புதிதாக வருபவர் ‘டூ’ என்று தொடங்கி வரிவரியாக எழுதப் பழகினாலே நிறைய தூரம் போகலாம்.

நம்பிக்கை: ஹாஸ்கெலுக்குத் தமிழ் தெரியாது.

இந்தப் பழியைத் தேடித் தருவது பிரின்ட் என்ற கட்டளை. மேற்கோள் குறிக்குள் ‘தமிழ்’ என்று எழுதி பிரின்ட் செய்தால் \2980\2990\3007\2996\3021 என்று எண்கள்தான் வரும். உடனே எழுத்துருவை மாற்றிப் பார்க்கத் தோன்றும், பயனில்லை. பிரின்ட்டின் வேலை, ஒரு மதிப்பை அப்படியே நிரலில் திரும்ப ஒட்டக்கூடிய வடிவில் காட்டுவது. அதனால் அடிப்படை ஆங்கில எழுத்துகள் தவிர மற்றவற்றை யூனிகோட் எண்ணாக்கிவிடுகிறது. புட்-ஸ்ட்ரிங்-லைன் என்று மாற்றினால் ‘தமிழ்’ தமிழாகவே வரும். அப்போதும் பிழை வந்தால், அந்தக் கணினியின் மொழி அமைப்பான லொக்கேலில் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 தானா என்று பார்க்க வேண்டும்.

அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று பதில் வரும். மூன்றெழுத்துதானே என்று சண்டைக்குப் போக வேண்டாம். இகரக் குறியும் மெய்ப்புள்ளியும் யூனிகோடில் தனித்தனி. பைத்தானும் 5 என்றுதான் சொல்லும்.

நம்பிக்கை: கம்பைல் ஆகிவிட்டால் பிழையே இருக்காது.

பாதிதான் உண்மை. எண் வேண்டிய இடத்தில் சொல்லைக் கொடுத்தால் கம்பைலர் விடாது. ஆனால் வெற்றுப் பட்டியலின் முதல் உறுப்பை ‘ஹெட்’ கொண்டு எடுக்கப் போனால், கம்பைல் ஆன நிரல் ஓடும்போது நின்றுவிடும். ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஹெச்சியே, 2023-இல் வந்த 9.8 பதிப்பு முதல் இதற்கு எச்சரிக்கை தருகிறது. நினைவகச் சிக்கலோ சத்தமில்லாமல் வரும். பெரிய பட்டியலை ‘ஃபோல்ட்-எல்’ கொண்டு கூட்டும்போது, ஆப்டிமைசேஷன் இல்லையென்றால், ஒவ்வொரு கூட்டலும் தள்ளிப்போடப்பட்டு நினைவகத்தில் குவியும். அதே பெயரின் கடைசியில் ஒற்றை மேற்கோள் குறி போட்ட வடிவம் அவ்வப்போதே கூட்டிவிடும்.

நம்பிக்கை: இது பேராசிரியர்களின் விளையாட்டுப் பொருள்.

ஃபேஸ்புக்கின் ஸ்பேம் தடுப்பு அமைப்பான சிக்மா, வினாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை ஹாஸ்கெலில் கையாள்வதாக 2015-இலேயே அந்நிறுவனம் சொல்லிவிட்டது. ஆவணங்களை வடிவம் மாற்றும் பாண்டாக்கும் ஹாஸ்கெலில் எழுதியதுதான். அதைப் பயன்படுத்துகிற பலருக்கு அது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

ஹாஸ்கெலில் சந்தேகம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஜிஹெச்சி பதிப்பு, முழுப் பிழைச்செய்தி, தனியாக ஓட்டிப் பார்க்கக்கூடிய சிறு நிரல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். பதில் சொல்பவர் அதை ஓட்டிப் பார்க்க வேண்டுமல்லவா?