பாவமா, குற்றமா, வருத்தமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் ஒரு தாய் அறைவீட்டு விறாந்தையில் வந்து நின்றார். அவருடைய மகன் அயலவர் ஒருவரை மண்வெட்டிப் பிடியால் அடித்துக் காயப்படுத்தி, விளக்கமறியலில் இருந்தான். அந்த அயலவர் தங்கள் கிணற்றில் நஞ்சு கலப்பதாக ஒரு குரல் தன் காதிற் சொல்லிக்கொண்டே இருந்தது என்பதுதான் அவன் பொலிசாருக்குக் கூறிய காரணம்.

"சுவாமி, என்ர பிள்ளை செய்தது பாவமோ, குற்றமோ, வருத்தமோ? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்று அழுதார் தாய்.

அந்த மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து இன்று ஆராய்வோம். நம் குடும்பங்களிற் பல இக்கேள்வியை வெளியே சொல்லாமல் உள்ளே வைத்து வேதனைப்படுகின்றன.

வருத்தம்

இல்லாத குரல் காதிற் கேட்பதும், ஆதாரமற்ற சந்தேகம் அசையாத நம்பிக்கையாவதும் மனச்சிதைவு நோயின் முக்கிய அறிகுறிகள். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயால் வருந்துகின்றனர்.

இதற்குத் தனியொரு காரணம் இல்லை. பரம்பரைக்குப் பங்குண்டு. ஆனால் அது முழுக் காரணம் அன்று. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவருக்கு வராமற் போவதே கூடுதலாகக் காணப்படுகிறது. எனவே "அந்தக் குடும்பத்தில் பைத்தியம் ஓடுகிறது" என்று கலியாணப் பேச்சுகளைக் குழப்புவோர் அறிவுக்கும் அன்புக்கும் மாறாகப் பேசுகின்றனர். பிறப்பின்போது ஏற்படும் சிக்கல்கள், கஞ்சாப் பழக்கம், சிறு வயதிற் பட்ட கொடுமைகள், தாங்கமுடியாத இழப்புகள் ஆகியனவும் நோய்க்கு வழிகோலலாம். போரும் இடப்பெயர்வும் 2004ஆம் ஆண்டின் கடல்கோளும் நம் மக்களின் மனங்களில் எத்தகைய காயங்களை விட்டுச்சென்றன என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றோருடையதா என்று ஆண்டவரிடம் கேட்டனர். இருவருடையதும் அன்று என்றார் அவர் (அருளப்பர் 9ஆம் அதிகாரம்). அந்தப் பதில் மனநோயாளிக்கும் பொருந்தும்.

குற்றம்

1843ஆம் ஆண்டு சனவரி 20ஆம் திகதி, டானியல் மக்நோட்டன் என்ற மரக்கடைச்சல் தொழிலாளி, இங்கிலாந்துப் பிரதமர் றொபேட் பீலின் அந்தரங்கச் செயலாளரான எட்வேட் டிறமண்டை லண்டன் வீதியிற் சுட்டான். ஐந்து நாட்களில் டிறமண்ட் இறந்தார். ஆளுங்கட்சியினர் தன்னைத் துரத்தித் துன்புறுத்துகின்றனர் என்பது மக்நோட்டனின் அசையாத எண்ணம். மருத்துவர்களின் சாட்சியத்தைக் கேட்ட யூரிமார் அவன் சித்தசுவாதீனம் அற்றவன் எனக் கண்டு விடுதலைத் தீர்ப்பளித்தனர். நாடு கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. அவர்கள் கொடுத்த பதிலே மக்நோட்டன் விதிகள் எனப் பெயர் பெற்றது.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவிலும் இதே கருத்தைக் காணலாம். செயலைச் செய்யும் வேளையில், சித்தசுவாதீனம் இன்மையால், தான் செய்வது இன்னதென்று அறிய முடியாதவனும், அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்று அறிய முடியாதவனும் குற்றம் புரிந்தவனாகமாட்டான்.

இங்கே சில விடயங்களை மனதிற் கொள்ளவேண்டும். நோய் இருந்தது என்பது மட்டும் போதாது. அந்த வேளையில் அறியும் ஆற்றலை அது பறித்திருக்கவேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியைச் சார்ந்தது. தானே விரும்பிக் குடித்து வெறித்தவன் அந்த வெறியைக் காட்டி இப்பிரிவில் ஒதுங்க முடியாது. வழக்கு நடக்கும்போதே எதிரி தன் வழக்கை விளங்கிக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி நீதிமன்றம் அவனை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

இப்படி விடுவிக்கப்படுபவன் உடனே வீடு செல்வான் என்று எண்ணவேண்டாம். பாதுகாப்பான இடத்தில் வைக்கப்பட நீதிமன்றம் கட்டளையிடும். மக்நோட்டன் 22 ஆண்டுகள் அடைபட்டிருந்து, 1865இல் புறோட்மூர் மனநோய்ச் சாலையில் இறந்தான்.

மனநோயாளர் அனைவரும் ஆபத்தானவர்கள் என்பதும் பெருந்தவறு. மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. மற்றவர்களின் அடிக்கும் ஏமாற்றுக்கும் அவர்களே ஆளாகின்றனர்.

பாவம்

சாவான பாவத்துக்குக் கனமான பொருள், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பிற் படித்தோம். நோய் அறிவையும் சம்மதத்தையும் கெடுக்குமானால் பொறுப்பும் குறையும், சிலவேளை இல்லாமலே போகும். பகுத்தறிவை நிலையாக இழந்தவர்கள் குற்றம் புரிய இயலாதவர்கள் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (1322) கூறுகிறது. தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த பழைய விதியும் அதில் இடம்பெறவில்லை. கடுமையான உளப்பாதிப்பு அவர்களின் பொறுப்பைக் குறைக்கலாம் என்று 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு (2282) கற்பிக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் தற்கொலை முயற்சியை 1998முதல் குற்றமாகக் கொள்வதில்லை.

நம் கடமை

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்தத் தாய் என்னிடம் வந்தது அதுவே முதல் தடவை அன்று. ஓராண்டுக்கு முன், மகன் இரவில் உறங்காமல் தனியே பேசுகிறான் என்று அவனைக் கூட்டிவந்திருந்தார். நான் அவன் தலையிற் கைவைத்துச் செபித்து அனுப்பினேன். வைத்தியரிடம் கொண்டுபோங்கள் என்று சொல்லவில்லை. அன்று சொல்லியிருந்தால் அயலவரின் கையும் முறிந்திராது, மகனும் மறியலைக் கண்டிரான்.

செபத்தை விடச் சொல்லவில்லை. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பேயோட்டுதலுக்கு முன் அது நோயா என்று நிச்சயிக்க வேண்டும் என்பதும் திருச்சபையின் போதனையே (மறைக்கல்வி ஏடு 1673). மனம் கலங்கிய நிலையில் கிரனாடா நகர மருத்துவமனையில் அடைபட்டுக் கசையடி பட்ட புனித இறை அருளப்பர், வெளியே வந்து தாமே நோயாளருக்கு மருத்துவமனை அமைத்தார். கெரசேனர் நாட்டவர் சங்கிலியிட்டு விரட்டிய மனிதனை நம் ஆண்டவர் சுகப்படுத்தி, அவனுடைய வீட்டாரிடமே திருப்பி அனுப்பினார்.

ஆகவே பெற்றோரே, அறிகுறி கண்டவுடன் பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். வழக்கு என்று வந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் முதல் நாளே சட்டத்தரணியிடம் நோயைச் சொல்லுங்கள்.

அந்த மகனை நீதவான் உளமருத்துவரிடம் அனுப்பினார். மருந்தாற் குரல் அடங்கியது. அயலவர் இணங்கியதால் வழக்கும் முடிந்தது. இன்று அவன் மாதந்தோறும் தாயோடு கிளினிக்குக்குப் போகிறான். ஞாயிறு பூசையில் பின் வாங்கில் இருக்கிறான். அவனருகே இன்னும் எவரும் அமர்வதில்லை. அந்த இடத்தை நிரப்புவது நம் வேலை.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் அயலில் மனநோயால் வருந்தும் ஒருவரை நாம் எந்தப் பெயர் சொல்லி அழைக்கிறோம்?

2. நம் வீட்டில் இவ்வருத்தம் வந்தால் யாரிடம் முதலிற் செல்வோம்? ஏன்?

3. அடுத்த ஞாயிறு யாரருகே அமரப் போகிறோம்?